ரோட்டைப் பார்த்திருந்த படம்

2025 ஜூலை 17, வியாழக்கிழமை. ஆடி முதல் தேதி. ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் தெளித்தேன், பால் காய்ச்சினேன், தம்பி மனைவிக்கும் சேர்த்து இட்லி கட்டிக்கொண்டு அரியலூரில் ஏழு மணி பஸ் ஏறினேன். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் தம்பி கண் திறக்காமல் கிடந்தான். சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறவன். செவ்வாய்க்கிழமை பாடாலூர் அருகே, நின்றிருந்த லாரியின் பின்னால் மோதிவிட்டான்.

போன மாதம் ஜெர்மனியிலிருந்து லீவில் வந்த என் மகள் அவனுக்கு ஒரு படம் கொடுத்தாள். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்த அறுநூறு வருடப் பழைய படத்தின் நகல். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஒரு புனிதர் ஆற்றைக் கடக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தவருக்கு அன்றைக்குத் துர்மரணம் இல்லை என்று கீழே எழுதியிருக்கிறதாம். அந்த ஊரில் அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட படங்களைப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவைப்பார்களாம்.

"சின்னப் புள்ளையத் தூக்கிட்டே முழி பிதுங்குதே. ஓவர்லோடு கேஸு" என்று தம்பி சிரித்தான். படத்தை மனைவியிடம் கொடுத்து லாரியில் ஒட்டச் சொன்னான்.

மத்தியானம், போலீஸ் ஸ்டேஷனில் நின்ற அவன் லாரியிலிருந்து துணிப்பையை எடுக்க நானும் தம்பி மனைவியும் போனோம். முன் கண்ணாடி முழுக்க விரிசல். அதன் உட்பக்க மூலையில் படம், முகம் ரோட்டைப் பார்க்க ஒட்டியிருந்தது. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள்.

"நீயா ஒட்டுன?"

"ஆமாங்க அண்ணி. திருஷ்டிக்குத்தானே? எதிர்ல வர்றவன் கண்ணு படக்கூடாதுன்னுதான்." டிரைவர் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அவரு பாக்கணுமா?"

"சாமி படம் எந்தப் பக்கம் பாத்தா என்ன" என்றேன். அவள் நம்பவில்லை. எச்சில் தொட்டு நகத்தால் உரித்தாள். படத்திலிருந்த ஆறு கிழிந்து கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. முகமும் குழந்தையும் வந்தன.

சாயங்காலம் டாக்டர் "பார்க்கலாம்" என்றார். தம்பி மல்லாந்தே கிடப்பதால், படத்தை மேலே சீலிங்கில் ஒட்டலாமா என்று அவள் நர்சிடம் கேட்டாள்.

"இங்க எதுவும் ஒட்டக் கூடாதும்மா. அவரு கண்ணத் தொறக்கட்டும், நானே காட்டுறேன்."

"கண்ணத் தொறக்கத்தாங்க சிஸ்டர் கேக்குறேன்."

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை, உள்ளே விட்டதும், அவன் முகத்துக்கு நேர் மேலே படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் மனைவி ஒரு விரலால் அவன் இமையை மெல்லத் தூக்கினாள்.