ஐந்து மைலுக்கு ஓர் அமுக்கு

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தல்லாகுளத்தில் ஒரு பங்களா வாசலில் மூன்று பேர் நின்றோம். நான், என் அத்தை மகன் வீரணன், பங்களாவில் குடியிருக்கும் துரை. நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள்.

வராதவர் ஒருவர் உண்டு — மோட்டாரைப் பற்றி ஏதாவது தெரிந்தவர். அப்படி ஓர் ஆளை அழைத்துப் போக வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. வீரணன் மச்சானுக்கு மாட்டைத் தெரியும். எனக்கு இங்கிலீஷ் தெரியும். வேறென்ன வேண்டும்?

இதை எழுதலாமா, வேண்டாமா என்று மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டேன். எழுதிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். மில் ஆபீசில் குமாஸ்தா. மாதம் முப்பத்தைந்து ரூபாய். மச்சான் உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டுத் தரகர். தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. ஆனால் நல்ல சந்தை நாளில் என் அரை மாதச் சம்பளத்தை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போவார். விசேஷ வீடுகளில் என்னை "படிச்ச புள்ள" என்று ஓரமாக நாற்காலியில் உட்கார வைப்பார்கள். கூட்டமோ அவரைச் சுற்றித்தான் இருக்கும்.

அந்த வண்டி எங்கள் மில் என்ஜினீயர் துரையுடையது. தினமும் ஆபீஸ் ஜன்னலுக்கு நேரே வேப்பமரத்தடியில் நிற்கும். யாரும் இல்லாத சமயத்தில் பெட்ரோல் டாங்கியின் மேல் படிந்த தூசியை விரலால் துடைத்திருக்கிறேன். ஸீட்டில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்த மாதிரி நினைத்துக்கொண்டு லெட்ஜரில் தப்பாகக் கூட்டியதுண்டு. தபாலாபீஸ் சேமிப்பில் என் பேரில் இருந்ததோ நாற்பத்திரண்டு ரூபாய்!

துரை சீமைக்குத் திரும்புகிறார், வண்டியை விற்கப் போகிறார் என்று தெரிந்ததும் அதை மச்சானிடம் நானேதான் போய்ச் சொன்னேன். எதற்காக? பீற்றிக்கொள்ளத்தான்.

"தொரை என்கிட்டதான் மொதல்ல சொன்னாரு, மச்சான்."

அசந்து போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அப்படியா? அப்ப ஞாயித்துக்கெழம போயி வாங்கிருவோம்" என்றார்.

வாங்கிருவோம்... ஏதோ கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி!

பங்களாவில் மச்சான் வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பின் சக்கரத்தைத் தட்டினார். "என்ன மாப்ள, பல்லப் புடிச்சுப் பாக்கலாம்னா வாயையே காணோம்?"

அவர் என்ன சொல்கிறார் என்று துரை கேட்டார். "வண்டி அழகாக இருக்கிறது என்கிறார்" என்றேன்.

துரை சொன்ன விலை முந்நூறு.

"எம்புட்டாம்?" என்றார் மச்சான்.

"நானூறு."

ஏன் அப்படிச் சொன்னேன்? வண்டி எனக்குக் கிடைக்காது, அது தெரியும். அவருக்கும் கிடைக்காமல் போனால் போதும் என்று இருந்தது. நானூறு என்றால் மலைத்துத் திரும்பிவிடுவார், நானும் துரை ரயிலேறும் வரையாவது பழையபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம்... இவ்வளவுதான் என் திட்டம்.

மச்சான் மலைக்கவில்லை. "வாயால பேசுனா இந்த யாவாரம் படியாது" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து துரையின் வலது கைமேல் போட்டார். போட்டவர் தன் கையையும் உள்ளே விட்டார்.

மாட்டுச் சந்தை பார்த்தவர்களுக்குத் தெரியும். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேரம். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது. முழு விரலைப் பிடித்தால் நூறு, நுனியைப் பிடித்தால் பத்து என்று துரைக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. விளக்கினேன். அதோடு என் உத்தியோகம் முடிந்தது! துரைக்கு ஒரே குஷி. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். துண்டு அசைந்தது. துரை தலையாட்டினார். மறுபடி அசைந்தது. மச்சான் "ம்ஹும்" என்றார். கல்லூரி வரை போய்ப் படித்த இங்கிலீஷ் வெளியே வெயிலில் நின்றது. துண்டுக்குள் இரண்டு கைகள் பேசி முடித்துவிட்டன.

இருநூற்று எழுபது.

"நானூறு சொன்னவர எம்புட்டுல எறக்கிட்டேன் பாத்தியா, மாப்ள!"

நான் சொன்ன பொய்யை வைத்தே அவர் ஜெயித்துவிட்டார். இனி சாகும்வரை சந்தையில் இந்தக் கதையைச் சொல்லுவாரே!

அடுத்தது வண்டி ஓட்டிப் பழகுவது. துரை சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். பங்களாவைச் சுற்றி மூன்றாவது சுற்றில் மச்சானுக்குக் கை படிந்துவிட்டது. முரட்டுக் காளையைப் பிடித்த கை. "நீயும் ஒரு சுற்றுப் போகிறாயா?" என்று துரை என்னைக் கேட்டார். ஏறினேன். பத்து அடி போனேன். ரோஜாச் செடிக்குள் போய் நின்றேன். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் துரை டாங்கியின் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பிடியைக் காட்டினார். "இதை அவரிடம் மறக்காமல் சொல். ஐந்து மைலுக்கு ஒருமுறை இதை ஓர் அமுக்கு அமுக்க வேண்டும். அப்போதுதான் எஞ்சினுக்கு எண்ணெய் போகும். மறந்தால் எஞ்சின் இறுகிவிடும்."

"என்ன மாப்ள சொல்றாரு?"

"வண்டியை நல்லாப் பாத்துக்கிறச் சொல்றாரு, மச்சான்."

பொய் என்று சொல்ல முடியுமா இதை? அன்றைக்கு என்னை நானே இப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

பணம் கைமாறியது. மச்சான் முன்னால், நான் பின்னால். வைகையைத் தாண்டி உசிலம்பட்டி ரோட்டைப் பிடித்தோம். ஐந்து மைல் ஆனது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் எதிரே வந்த வண்டிக்காரர் ஒருவர் மாட்டை ஓரங்கட்டி மச்சானுக்குக் கும்பிடு போட்டார். அந்த ரோட்டில் எத்தனையோ முறை சைக்கிளில் போயிருக்கிறேன். எனக்கு ஒருத்தராவது ஒதுங்கியதுண்டா? வாயை மூடிக்கொண்டேன்.

பத்து மைல். இப்போது கட்டாயம் சொல்ல வேண்டும். செக்கானூரணி காப்பிக் கடையில் மச்சான் வண்டியை மெதுவாக்கினார். பத்துப் பேர் எழுந்து வந்துவிட்டார்கள்.

"வீரணண்ணே! மோட்டாரா! பின்னாடி யாருண்ணே?"

"நம்ம மாப்ளதேன். இங்கிலீசு பேசக் கூட்டிட்டுப் போனேன்."

"அட, நாங்கூட கணக்கு எழுத ஆள் வச்சுட்டீகளோன்னு பாத்தேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல்லவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மைல்கூடப் போகவில்லை. எஞ்சின் ஒரு தினுசாகக் கிறீச்சிட்டது. காய்ந்த இரும்பு வாசனை அடித்தது. திடீரென்று பின் சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது. வண்டி வழுக்கி, இரண்டு பேரும் கள்ளிப் புதரோரம் கிடந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. மச்சானுக்கு நெற்றியில் ரத்தம். அவர் நெற்றியைத் துடைக்கவில்லை. எழுந்து போய் வண்டியைத் தொட்டுப் பார்த்தார். சூட்டில் கையை இழுத்துக்கொண்டார். அறுத்துப் போட்ட நெல்லின்மேல் மழை பெய்வதைப் பார்க்கிறவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

பிறகு கோபம் வந்தது.

"சிரிச்சுச் சிரிச்சே ஏமாத்திப்புட்டான் அந்தத் தொரை. புதங்கெழம ரயிலேறப் போறான்ல, அதேன் தைரியம். வா மாப்ள, திரும்பிப் போவோம். நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி நீ இங்கிலீசுல கேக்கணும். ஒனக்குத்தான அந்தப் பாசை தெரியும்!"

துரையிடம் போய் நான் என்னவென்று கேட்பது? அவர் சொன்னதையா? நான் சொல்லாததையா?

"மச்சான்... அவரு சொன்னாரு." எப்படியோ சொல்லிவிட்டேன். அந்தப் பிடியையும் காட்டினேன். "நாந்தான் உங்ககிட்ட சொல்லல."

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முடிந்துவிடும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்!

"மறக்கல."

ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. ரோட்டோரக் கல்லில் போய் உட்கார்ந்தார். "மாட்டுக்குத் தண்ணி காட்ட மறந்தவன ஏசுவேன், மாப்ள. தெரிஞ்சே தண்ணி காட்டாதவன என்ன சொல்லி ஏசுறதுன்னு எனக்குத் தெரியல" என்றார். நானூறு சமாசாரத்தை அந்த நிமிஷத்தில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால் தெரிந்துகொள்ளட்டும்.

வாடகைக்கு ஒரு மாட்டு வண்டி பிடித்து, வைக்கோலைப் பரப்பி, மோட்டாரைப் படுக்க வைத்து மதுரைக்கே கொண்டு வந்தோம். வழியெல்லாம் மச்சான் ஒரு கையால் அதைப் பிடித்தபடியே வந்தார். ஒர்க் ஷாப் மிஸ்திரி எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எந்தப் புண்ணியவான் எண்ணெய் விடாம ஓட்டுனது?" என்றார்.

"நாந்தேன். படிக்காத பய பாருங்க, மறந்துட்டேன்" என்றார் மச்சான்.

வீட்டிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார். அத்தை என்னைக் கூப்பிட்டு, "நீ கூட இருந்துமாய்யா அவன் இப்படிப் பண்ணிட்டான்?" என்று என் முழங்கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். வாசகர்களே, உண்மையைச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளைப் பார்த்து நான் பட்ட பொறாமை பெரிதல்ல. இப்படி ஒரு மனசு எனக்கு வாய்க்காமல் அவருக்கு வாய்த்திருக்கிறதே, அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

ரிப்பேர்ச் செலவு முழுவதும் என்னுடையது என்று சேமிப்புப் புத்தகத்தோடு போய் நின்றேன். "பாதி போடு, போதும். இன்னொருத்தன் வாயை நம்பி வாங்குனதுக்கு நானும் தெண்டம் கட்டணும்ல?" என்றார்.

வண்டிக்கு இருநூற்று எழுபது. பிஸ்டன், மிஸ்திரி கூலி, மாட்டு வண்டி வாடகைக்கு அறுபத்தோரு ரூபாய் நாலணா. ஆக, எங்கள் இருவருக்கும் ஆன செலவு முந்நூற்று முப்பத்தோரு ரூபாய் நாலணா.