நேனு விட்டுப்போன குதிரை

புருஷன் நேனு செத்தபிறகு, ஜூசா முதன்முதலாகக் குதிரை வண்டியை ஓட்டக் கிளம்பினாள். மால்டா தீவைச் சுற்றிப்பார்க்க வந்த ஒரு ஜெர்மன் தம்பதி பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். இந்தச் சவாரி சொதப்பினால் குதிரையைக் கொழுந்தனுக்கு விற்றுவிடுவதாகப் பேச்சு.

ரபாத் ஊரைத் தாண்டுவதற்குள் குதிரை ஓர் ஒயின் கடை முன் நின்றுவிட்டது. கடிவாளத்தை உலுக்கியும் நகரவில்லை.

"இது பழைய பிரபு ஒருத்தரோட வீடுங்க," என்று ஜூசா கூசாமல் அளந்துவிட்டாள். தம்பதி படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்துக் குதிரை நின்ற சுருட்டுக்கடை, கோட்டைக் காவலர் வீடாகிவிட்டது.

பிறகு குதிரை தானாகவே ஒரு சந்துக்குள் திரும்பிப் பச்சைக் கதவின் முன் நின்றது. வாளித் தண்ணீரோடு வாட்டசாட்டமான பெண் ஒருத்தி வெளியே வந்தாள். குதிரை பழகினாற்போல் வாளியில் வாய் வைத்ததும் ஜூசா வண்டியிலிருந்து குதித்தாள்.

"யாரும்மா நீ? என் புருஷன் இங்க எதுக்கு வருவாரு?"

"நான் செட்டா. பயப்படாதடி, அந்த மூஞ்சிய நீ ஒருத்தி சகிச்சதே பெருசு," என்று அவள் சிரித்தாள். "என் மொட்டமாடியில நின்னா பாதித் தீவு தெரியும். சவாரிக்காரங்கள ஏத்திக் காட்டுவாரு, நான் பாலாடைக்கட்டி வச்ச பணியாரம் சுட்டு விப்பேன். வாங்க, அடுப்புல இருக்கு."

தம்பதி கடலைப் பார்த்தபடி ஊதி ஊதித் தின்றார்கள். நாளைக்கு நண்பர்களையும் கூட்டிவருவதாகச் சொன்னார்கள்.

ஜூசா குதிரையின் கழுத்தைத் தடவினாள்.

"எங்க போறேன்னு உசுரோட இருந்தப்ப ஒருநாளும் சொன்னதில்ல. இப்ப உன்னைய விட்டுச் சொல்றாரு. நல்லா இருக்கட்டும் மனுஷன். கொழுந்தன் வேற குதிரை பாத்துக்கட்டும்."