பச்சை விழுந்த படம்

உங்கள் மாமா ஏன் முன்பு போல நம் வீட்டுக்கு வருவதில்லை என்று உங்களில் சின்னவள் போன வாரம் கேட்டாள். உங்கள் அக்காவைப் பெண் கேட்டு வந்தபோது நீங்கள் இருவரும் பள்ளி விடுதியில் இருந்தீர்கள். அதனால் நடந்தது உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வாயால் சொன்னால் என் பக்க நியாயம் கலந்துவிடும். ஆகவே எழுதுகிறேன். ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

பெண் கேட்டவர்கள் ரஹாங்கில் இருக்கிறார்கள். பையனின் அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஒரு போட்டோ அனுப்புங்கண்ணே. ஸ்டூடியோ படம் வேணாம் லா. வெளியில, பகல் வெளிச்சத்துல எடுத்தா போதும். போன எடத்துல படத்துல ஒரு பொண்ணு, நேர்ல வேற பொண்ணு."

அந்தக் கடைசிப் பேச்சு என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. படத்தில் அழகு கூடினால் நம்மைப் பொய்யர்கள் என்பார்கள். குறைந்தால் வரவே மாட்டார்கள். பையனின் படம் என் போனுக்கு வந்தது, உங்கள் அக்கா பார்த்தாள். அதன் பிறகு அந்தப் போனை மூன்று தடவை ஏதேதோ சாக்குச் சொல்லித் திரும்ப வாங்கினாள். இது தவறிப்போகக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

மாமா தெமியாங்கில் இருந்துகொண்டு சனி, ஞாயிறுகளில் கல்யாணப் படம் எடுப்பவர். நாங்கள் கூப்பிடவில்லை. அவராகவே போன் செய்தார்.

"என் மருமகளுக்கு நான் எடுக்காம வேற யாரு மச்சான் எடுக்கறது?"

மருமகள் என்ற சொல் எனக்கு முள்ளாகக் குத்தியது. அக்காள் மகளைத் தன் மகனுக்குக் கேட்கும் உரிமை தாய்மாமனுக்கு உண்டல்லவா? இரண்டு வருடத்துக்கு முன் அவரும் கேட்டார். கூடப் பிறந்தவன் போலப் பழகிவிட்டேன், வேண்டாம் என்று உங்கள் அக்கா சொல்லிவிட்டாள். மாமா அன்று சிரித்தார். ஆனால் தட்டில் வைத்த பலகாரத்தைத் தொடவில்லை. அதை நான் மறக்கவே இல்லை.

ஆகவே இரண்டு நிபந்தனை போட்டேன். ஒன்று, படம் காமிராவிலிருந்து அப்படியே வர வேண்டும், கம்ப்யூட்டரில் கை வைக்கக் கூடாது. இரண்டு, வீட்டுக்குப் பின்னால் உள்ள செம்பனைக் காட்டுக்குள் எடுக்க வேண்டும். லைன் வீடுகளில் குடியிருக்கும் தோட்டத்து ஆட்கள் பார்த்தால் பேச்சு பெடாஸ் டவுன் வரை போய்விடும். காட்டுக்குள் நிழலும் குளுமை.

காட்டுக்குள் வந்ததும் மாமா மரங்களை அண்ணாந்து பார்த்தார். "இங்க வேணாம் மச்சான். மூஞ்சியில பச்சை அடிக்கும். அப்புறம் கம்ப்யூட்டர்லதான் சரி பண்ணணும்."

"எனக்கு ஒரு பச்சையும் தெரியலையே" என்றேன். கம்ப்யூட்டரில் கை வைக்க வழி தேடுகிறார் என்றுதான் என் புத்தி சொன்னது.

அவர் நீளமான லென்சைப் பொருத்திக்கொண்டு பத்தடி தள்ளி நின்று எடுத்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, சாட்சிக்கு இருக்கட்டும் என்று என் போனிலும் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். போன் படத்தில் அக்கா மாவு பூசியது போல வெளுத்திருந்தாள். தாடையில் உள்ள மச்சத்தைக் காணோம். பின்னால் உள்ள மரங்களை மங்கலாக்குகிறேன் என்று காது ஜிமிக்கியில் பாதியையும் போன் கரைத்திருந்தது. மாமாவின் படத்தில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. மச்சமும் இருந்தது. ஆனால் கன்னத்திலும் கழுத்திலும் பச்சை. பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி இருந்தாள்.

உங்கள் அம்மாவுக்குப் போன் படம்தான் பிடித்தது. "மகாலட்சுமி மாதிரி இருக்கா. இதையே அனுப்புங்க."

"அம்மா, அது யாருன்னே எனக்குத் தெரியல" என்றாள் அக்கா. "அவங்க வந்து நின்னா அந்தப் பொண்ண எங்க போய்த் தேடுவீங்க?"

நான் மாமாவைப் பார்த்துக் கேட்டேன். "எத்தன கல்யாணத்துக்கு எடுத்திருக்கீங்க? எல்லாப் பொண்ணும் பச்சையாவா இருந்தாங்க? இல்ல, எங்க பொண்ணுக்கு மட்டும் இப்படியா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எதைச் சொல்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. லென்சைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். "அக்கா, நான் வரேன்" என்று உங்கள் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பார்த்தேன். தோட்ட ஆப்பிஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் ஒரு சின்ன காமிரா உண்டு, அழுகிய பழக்குலைகளைப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்ப. அதை இரவல் வாங்கி, அதே மரத்தடியில் அக்காவை நிறுத்தி நானே எடுத்தேன். அந்தப் படத்திலும் பச்சை. பெரிய காமிரா அளவுக்கு இல்லை, ஆனாலும் பச்சைதான். எனக்கு அடுத்த சந்தேகம் வந்தது.

"ஒடம்புக்கு ஏதாச்சும் இருக்காம்மா? மஞ்சக்காமாலை ஏதும்?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, என் மூஞ்சிய விடுங்க. ஷால பாருங்க. ஷாலுக்குமா காமாலை?"

பார்த்தேன். அவள் போட்டிருந்தது தும்பைப்பூ வெள்ளை ஷால். படத்தில் அது இளநீர்க் காய் போலப் பச்சையாக இருந்தது. கையிலிருந்த படத்தையும் மேலே விரிந்த மட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தேன். வெயில் இலைக்குள் நுழைந்து பச்சையாகத்தான் கீழே இறங்குகிறது. தரையில் உள்ள புல்லும் தன் பங்குக்கு அதையே மேலே வீசுகிறது. முப்பது வருடமாக மண்டோராக அந்த நிழலில் நின்று வேலை வாங்கியவன் நான். என் கண்ணுக்கு அதுதான் சாதாரண வெளிச்சம். போன் தானாகவே நிறத்தை மாற்றி எனக்குப் பிடித்த மாதிரி காட்டியிருக்கிறது, நான் அதைச் சாட்சி என்று நம்பினேன். உள்ளதைக் காட்டியது மாமாவின் காமிரா. அதைத் திருத்தும் வழியையும் நானே அடைத்துவிட்டேன்.

அன்று மாலையே மோட்டாரில் தெமியாங் போனேன். வாசலில் நின்றபடி, "நாளைக்குக் காலையில வர முடியுமா? எடத்த நீங்களே பாருங்க" என்றேன். அவர் உள்ளே கூப்பிடவில்லை. "பிள்ளைக்காக வரேன்" என்றார்.

அவர் தேர்ந்தெடுத்தது ஆப்பிஸ் முன்னால் உள்ள தார் ரோடு. மேலே திறந்த வானம், பக்கத்தில் கட்டடத்தின் நிழல். காலைப் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட, ஆட்கள் கூடும் நேரம். யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தேனே, முழுத் தோட்டமும் பார்த்தது. உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் சும்மா இருப்பார்களா?

"என்ன மண்டோரே, சம்பந்தம் முடிஞ்சிருச்சா? எங்ககிட்ட வாயத் தெறக்கலையே?"

"தம்பி, எங்களையும் ஒண்ணு புடிங்க. எங்க வீட்டுக்காரரு பாத்துப் பயந்து சாகட்டும்!"

அக்கா அடக்க முடியாமல் சிரித்தாள். மாமா அந்த நேரம் பார்த்து அழுத்தினார்.

அந்தப் படத்தைத்தான் நீங்கள் கூடத்தில் பார்க்கிறீர்கள். மாநிறம் மாநிறமாகவே இருக்கிறது. மச்சம் இருக்கிறது. ஜிமிக்கி முழுசாக இருக்கிறது. மாமா அதை அங்கேயே தன் போனுக்கு மாற்றினார். அவரை நம்புகிறேன் என்று காட்ட எனக்குத் தோன்றியது. "நீங்களே ரஹாங்குக்கு அனுப்பிடுங்க மச்சான், நம்பர் தரேன்" என்றேன்.

"வேணாம் மச்சான்" என்றார். "ஒங்களுக்கு அனுப்பறேன், நீங்களே அங்க அனுப்புங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, என் கை பட்டதாலன்னு சொல்லுவீங்க."

சொன்னபோது முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நானே அனுப்பினேன். அடுத்த ஞாயிறு அவர்கள் வந்தார்கள், பேசி முடித்தார்கள். கல்யாணத்தில் மாமா தாய்மாமன் முறை எதையும் விடவில்லை. எல்லாம் செய்தார். அதற்குப் பிறகு பத்திரிகை வைத்துக் கூப்பிட்டால் மட்டும் வருகிறார்.

நாளைக்கு அவருக்குப் போன் செய்யலாம் என்றிருக்கிறேன். எடுப்பாரா என்பது சந்தேகம்தான். எடுத்தால் எங்கே தொடங்குவது என்றும் தெரியவில்லை. படம் நன்றாக இருக்கிறது என்று அன்றைக்கே, அந்த ரோட்டிலேயே சொல்லியிருக்கலாம். அதைக்கூட நான் சொல்லவில்லை.