என் தோழி வீட்டு லேப்ரடார்

போன வாரம் ஆயிரக்கணக்கான பேர் முன்னால் ஒரு பொய் சொன்னேன். கூசாமல் சொன்னேன். ஃபேஸ்புக்கில் நாய் வளர்ப்பவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. அதில்தான்.

"என் தோழி வீட்டில் ஒரு லேப்ரடார் இருக்கிறது. கூப்பிட்டால் வருவதே இல்லை. என்ன செய்யலாம்?"

தோழியும் கிடையாது, லேப்ரடாரும் கிடையாது. நாய் என்னுடையது. பெயர் சீனி. உடம்பு முழுக்க வெள்ளை, ரோஸ் மூக்கு – அசல் ராஜபாளையம் நாய்.

அப்புறம் எதற்குப் பொய்? நான் இருப்பதே ராஜபாளையத்தில்தானே! வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய் ஊர்ப் பெயரைச் சொன்னால், "உங்க ஊர் நாய் எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். என் சௌக்கியமெல்லாம் அப்புறம்தான். அப்படிப்பட்ட ஊர்க்காரி, எங்கோ ஓசூரிலும் துபாயிலும் இருப்பவர்களிடம் போய், எங்கள் ஊர் நாயை எப்படி வளர்ப்பது என்று கேட்டால்... ஊர் மானம் என்னாவது?

மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். அதற்கு நேரம் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனியை என் கணவர் பின்னாலிருந்து தடவ, அது சடாரென்று திரும்பிக் கையைக் கவ்வப் போய்விட்டது. நல்லவேளை, பல் படவில்லை. ஆனால் அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"எம்புட்டுத் திமிரு பாத்தியா? தொண்ட கிழியக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்கான். இப்பக் கடிக்க வேற வாரான். ஞாயித்துக்கெழம அண்ணன் தோப்புல கொண்டுபோயி விட்டுருவோம்."

பிளவக்கல் அணைக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணனுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மலையடிவாரம். இருட்டினால் காட்டுப்பன்றி வரும், சில சமயம் சிறுத்தையும் வரும் என்பார்கள். டி.வி. பார்க்கும்போது என் காலடியில் சுருண்டு தூங்குகிற சீனி, அங்கே தனியாகக் காவலுக்கா? அதனால்தான் கேட்டேன். அதுவும் பொய் சொல்லிக் கேட்டேன்.

பதில்கள் கொட்டின. "லேப்ரடார் தீனிக்கு மயங்கும், பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிடுங்கள்." "வெயிட் அதிகமா? தினமும் நடக்கக் கூட்டிப் போங்கள்." ஒருவர், "உங்கள் தோழிக்கு நாய் வளர்க்கவே தகுதியில்லை" என்று எழுதியிருந்தார். இல்லாத தோழிக்காக எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது!

பிஸ்கட் பாக்கெட்டோடு கொல்லையில் நின்று சீனியைக் கூப்பிட்டுக் கத்தினேன். பக்கத்து வீட்டு நாய்தான் ஓடி வந்தது.

யாரைக் குறை சொல்ல? பாவம், அவர்கள் இல்லாத நாய்க்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை காலையில், வருவது வரட்டும் என்று மறுபடியும் எழுதினேன்: "தோழி இல்லை, நான்தான். லேப்ரடார் இல்லை, ராஜபாளையம். ஊரும் ராஜபாளையம்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்." கூடவே சீனியின் ஃபோட்டோ.

சிரித்தார்கள். நிறையவே சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெண், இன்பாக்ஸில் குரல் பதிவு அனுப்பினார்.

"அக்கா, அது திமிரு இல்லக்கா. நம்ம பக்கத்து வெள்ளையில சிலதுக்குப் பொறவியிலேயே காது கேக்காது. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. அது பாக்காத நேரமாப் பின்னால நின்னு ஒரு தட்டத் தட்டிப் பாருங்க. தரையில வச்சுத் தட்டிராதீய, அதிர்வு தெரிஞ்சு திரும்பிரும். கையில பிடிச்சுத் தட்டணும். திரும்பலன்னா டாக்டர்ட்ட காட்டுங்க. கைச்சாடை பழக்குனா தங்கமா இருக்கும். பின்னால போயித் தொடாதீய, பயந்துரும்."

தட்டினேன். எவர்சில்வர் தட்டு, கரண்டி. பக்கத்து வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். சீனி திரும்பவில்லை.

என் கணவர் தட்டை வாங்கி இன்னும் பலமாகத் தட்டினார். மறுபடியும் தட்டினார். பிறகு தட்டை ஓரமாக வைத்துவிட்டு, சீனிக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"ஏலே, காது கேக்காதவனயா இம்புட்டு நாளாத் திட்டிக்கிட்டு இருந்தேன்?"

சொல்லிக்கொண்டே அதன் இரண்டு காதையும் தடவிக் கொடுத்தார். சீனி அவர் முகத்தை நக்கியது. எனக்கு அழுகை வந்தது. கால்நடை மருத்துவரும் பார்த்துவிட்டு, காது கேட்கவில்லை என்று உறுதி செய்தார். தோப்புப் பேச்சு அதோடு போயிற்று. தட்டு தட்டிப் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் அந்தக் குழுவில் எழுதிப் போட்டேன்.

முன்பின் தெரியாதவர்களிடம் கேட்க நாம் ஏன் இவ்வளவு தயங்குகிறோம்? என்ன நினைப்பார்களோ என்றுதானே? கொஞ்ச நேரம் சிரிப்பார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அடித்துச் சொல்கிறேன் – கேளுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். பாதியை மறைத்தால் எவ்வளவு நல்ல மனசுக்காரராலும் உதவ முடியாது.

நேற்று ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் எங்கள் ஊர்க்காரர். "அக்கா, எங்க வீட்டு வெள்ளையும் சொன்ன பேச்சு கேக்கலன்னு வித்துரலாம்னு இருந்தோம். நீங்க எழுதுனதப் பாத்துட்டுத் தட்டிப் பாத்தேன்... அதுக்கும் கேக்கலக்கா. இனிமே எங்கயும் அனுப்ப மாட்டோம். கைச்சாடை எப்பிடிப் பழக்கணும்? நான் கேட்டேன்னு மட்டும் வெளிய சொல்லிராதீய!"

அவர் பெயரை எழுதவில்லை. அந்த நாயின் பெயரையும் எழுதவில்லை – எழுதினால் எங்கள் தெருவே கண்டுபிடித்துவிடும்.