தெரிந்த மாதிரி உட்காருங்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஈப்போ மார்க்கெட்டில் வாங்கி வந்த கெம்போங் மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஒரு வாய்ஸ் மெசேஜ். ஈரக் கையோடு தட்டினேன்.

"டீச்சர்... நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். புள்ளைய அடிச்சிட்டேன்."

அவ்வளவுதான். பின்னால் ஏதோ மிஷின் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

நான் சொன்ன மாதிரியா? நான் எப்போது யாரை அடிக்கச் சொன்னேன்?

இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும் — இருபத்தாறு வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் வாய் ஓயவில்லை. பெற்றோருக்குப் பட்டறை என்று பள்ளிகளில் கூப்பிடுகிறார்கள், போகிறேன். 'வீட்டில் நீங்களே ஆசிரியர்' என்று ஒரு பேனர், பிளாஸ்டிக் நாற்காலிகள், சாப்பிடப் பொட்டலத்தில் மீஹூன். என் கையில் மைக்.

அதற்கு மூன்று வாரம் முன்பு அப்படிப் போன இடம்தான் கமுந்திங் பக்கம் உள்ள ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி. முன்பு ரப்பர் தோட்டத்துப் பள்ளி. இப்போது சுற்றிலும் பாதி செம்பனை, பாதி புதிய தாமான் குடியிருப்பு வீடுகள். வந்திருந்த நாற்பது பேரில் முக்கால்வாசி ஃபேக்டரியில் வேலை செய்பவர்கள். ஷிப்ட் முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்கள்.

அவர்கள் முன்னால் நின்று நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உங்க பயம் பிள்ளைக்குத் தெரியவே கூடாது. தெரியாத பாடமா இருந்தாலும் தெரிஞ்ச மாதிரி உட்காருங்க. அம்மா அப்பாவோட தன்னம்பிக்கைதான் பிள்ளைக்கு முதல் பாடம்!"

கைத்தட்டல். எனக்கும் அந்த வரி பிடித்துத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் காரில் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்... இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கூட்டம் கலையும்போது ஒரு பெண் என் நம்பரை வாங்கிக்கொண்டாள். பெயர் யோகேஸ்வரி. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கையுறை தயாரிக்கும் ஃபேக்டரியில் வேலை. கணவர் லோரி ஓட்டுகிறார், வாரக் கடைசியில்தான் வீடு. ஒரே பெண் வினிஷா, ஒன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

மெசேஜ் அனுப்பியது அவள்தான்.

உடனே கூப்பிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

யோகேஸ்வரி படித்தது மலாய்ப் பள்ளியில். தமிழ் சரளமாகப் பேசுவாள். படிக்க வராது, ஓர் எழுத்துகூட. நம் நாட்டில் இது என்ன அதிசயமா? என் சொந்தத்திலேயே ஏழெட்டுப் பேர் அப்படி இருக்கிறார்கள். ஆனால் மகளாவது தமிழ் படிக்கட்டும் என்று தமிழ்ப்பள்ளியில் சேர்த்தாள். சேர்த்த நாளிலிருந்து ஒரே கவலை — வீட்டுப்பாடத்தை யார் பார்ப்பது?

வகுப்பாசிரியை நல்லவர். வாசிப்புத் தாள்களைத் தானே படித்துப் பதிவு செய்து பெற்றோர் குழுவில் அனுப்பிவிடுவார். அதை வைத்து யோகேஸ்வரி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆசிரியையின் குரலை இயர்போனில் தான் மட்டும் கேட்டுக்கொள்வாள். பிறகு பிள்ளையைப் படிக்கச் சொல்வாள். காதில் கேட்டதும் பிள்ளை படிப்பதும் ஒன்றாக இருந்தால் சரி. இல்லையென்றால் தப்பு. பிள்ளைக்கு விஷயம் தெரியாது. அம்மா தெரிந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்... நான் சொன்னபடியே.

திங்கட்கிழமை சாயங்காலம் வினிஷா படித்திருக்கிறாள்: "குளத்தில் வாத்து நீந்தியது."

யோகேஸ்வரி காதில் கேட்டதோ, "மரத்தில் கிளி அமர்ந்தது."

"சரியா பாத்துப் படி."

மறுபடியும் வாத்து.

"கிளி எங்க? கிளிய ஏன் விட்ட?"

அழுதுகொண்டே வாத்து. போட்டோஸ்டாட் தாள், படமும் கிடையாது. ரூலர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. மணிக்கட்டில் மூன்று அடி.

மறுநாள் காலை ஃபேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்து கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டே வந்தவள் கண்ணில், அதே குழுவில், இன்னொரு பதிவு பட்டது. தட்டினாள். 'குளத்தில் வாத்து நீந்தியது...'

இவள்தான் பதிவை மாற்றித் தட்டியிருக்கிறாள். பிள்ளை சரியாகத்தான் படித்திருக்கிறது.

"பஸ்ல அழக்கூட முடியல டீச்சர். எல்லாரும் பாக்கிறாங்க லா." என்றாள். "ஸ்கூல் மாத்த ஃபாரம் எடுத்து வெச்சிட்டேன். மலாய் ஸ்கூல்னா எனக்குப் படிக்கத் தெரியும். இங்க கண்ணு தெரியாத மாதிரி உட்காந்துக்கிட்டுல அடிக்கிறேன்!"

சனிக்கிழமை வருகிறேன் என்றேன். அதுவரைக்கும் எதுவும் செய்யாதீர்கள் என்றேன். போனை வைத்த பிறகு மீனைத் தொட மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலை ஹைவேயில் போனேன். என்ன சொல்லப் போகிறேன்? இன்னொரு பேச்சா? குவாலா கங்சார் வருவதற்குள் ஒன்றைத் தயார் செய்தேன். தாண்டுவதற்குள் கைவிட்டேன். இந்தப் பட்டறைகளில் நான் சொல்லாத ஒன்றும் ஞாபகத்துக்கு வந்தது — என் மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தபோது அவள் நோட்டைக் கிழித்து எறிந்தவள் நான். அன்றைக்கு நான் பயிற்சி பெற்ற ஆசிரியை. எட்டேழு அம்பத்தாறு என்பதும் எனக்கு நன்றாகவே தெரியும்!

கதவைத் திறந்ததும் யோகேஸ்வரி, "பாப்பா, டீச்சர் வந்திருக்காங்க பாரு" என்றாள். சொல்லியிருக்க வேண்டாம். டீச்சர் என்ற வார்த்தையைக் கேட்டதும் பிள்ளை பள்ளிப் பையை இழுத்துக்கொண்டு வாஷிங் மிஷின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

"அன்னியிலருந்து இப்படித்தான்," என்று கிசுகிசுத்தாள். "ஸ்கூல்ல கூட வாயத் தெறக்க மாட்டேங்குதாம். கேட்டா தலைய ஆட்டுது. இனிமே படிக்கவே மாட்டாளா, டீச்சர்?"

எனக்கு எப்படித் தெரியும்? மேசை மேல் மாற்றல் ஃபாரம் இருந்தது, பாதி நிரப்பியபடி. பக்கத்தில் அவள் பட்டறைக்குக் கொண்டுவந்த நோட்டு. நான் பேசியதையெல்லாம் மலாய் எழுத்தில் தமிழாக எழுதி வைத்திருந்தாள். 'தெரிஞ்ச மாதிரி உட்காருங்க' என்ற வரியின் கீழே இரண்டு கோடு.

பேச்சை மாற்றத்தான் வேலையைப் பற்றிக் கேட்டேன். வேறு எந்த யோசனையும் இல்லை, சத்தியமாக.

அவள் இருப்பது சோதனைப் பிரிவில். கையுறையில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிவிடுவதும் அவள்தானாம். பெரும்பாலும் நேபாளத்திலிருந்து வருகிறவர்கள்.

"அவங்க பாஷை தெரியுமா உங்களுக்கு?"

"எங்க டீச்சர்! அவங்களுக்கு மலாயும் வராது."

"பிறகு எப்படிக் கத்துக்குடுக்கிறீங்க?"

"பக்கத்துல நிக்க வெச்சுக்குவேன். நான் செய்றத ரெண்டு நாளு பாப்பாங்க. பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து செய்வோம். ஒரே கையுறைய அவங்களும் பாப்பாங்க, நானும் பாப்பேன். எனக்குச் சந்தேகம்னா லைன் லீடர கூப்பிட்டு அவங்க எதிர்லயே கேட்பேன். ஒரு வாரத்துல பிடிச்சுக்குவாங்க லா."

முகமே மாறிவிட்டிருந்தது. பட்டறையில் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தவளா இவள்?

"தப்பு செஞ்சா அடிப்பீங்களா?"

சிரித்துவிட்டாள். "அலாமாக்! கத்தினாலே அவங்களுக்குக் கை நடுங்கும், டீச்சர். கை நடுங்கினா ஓட்டை எங்க கண்ணுக்குத் தெரி..."

நிறுத்தினாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தாறு வருட அனுபவத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியங்களில் அதுவும் ஒன்று.

யோகேஸ்வரி எழுந்து போய், வாஷிங் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பாப்பா... அன்னிக்கு நீ சரியாத்தான் படிச்ச. அம்மாதான் தப்பு. அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதும்மா."

மிஷின் பின்னாலிருந்து சின்னக் குரல். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு. நீ தாளைப் பாக்கவே மாட்ட. போனைத்தான் பாப்ப."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"சொன்னா இன்னும் அடிப்ப."

யோகேஸ்வரி அழுதாள். நான் சமையலறைப் பக்கம் போய், தண்ணீர் குடிப்பது போல நின்றேன். ஏழு வயதுப் பிள்ளை, அம்மாவின் ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டு அடியும் வாங்கியிருக்கிறது. யோகேஸ்வரியைத் தெரிந்த மாதிரி நடிக்க உட்காரவைத்தது யார்?

நான்தான்.

அன்று நாங்கள் பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. இயர்போன் வேண்டாம், குரலை மேசை மேல் சத்தமாகவே ஓடவிடலாம் என்றாள். ஒரே தாளில் இரண்டு பேர் விரலும் போகட்டும் என்றாள். யோகேஸ்வரி சொன்னதுதான் எல்லாமே. நான் தலையாட்டினேன்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. மறுநாள் பிள்ளை வாய் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அம்மா மட்டும் விரலை வைத்துக்கொண்டு குரலோடு முணுமுணுத்திருக்கிறாள். எனக்கு மலாய் எழுத்தில் மெசேஜ் வரும்: 'இன்னிக்கும் இல்ல டீச்சர்.' ஒவ்வொரு நாளும் அதே மூன்று வார்த்தை. நான் கெடுத்தது இனி சரியாகவே ஆகாதோ?

பத்தாவது நாள் 'தம்பி பள்ளிக்குச் சென்றான்' என்று ஒரு வரி. யோகேஸ்வரி, "தம்பி பல்லிக்குச் சென்றான்" என்று படித்திருக்கிறாள்.

பக்கத்தில் ஒரு சிரிப்பு. "பல்லி இல்லம்மா... பள்ளி! நாக்க மடக்கு!"

அந்த வெள்ளிக்கிழமை வினிஷா வகுப்பில் எழுந்து நின்று மூன்று வரி படித்தாளாம். இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறாள், எழுத்துக்கூட்டித்தான் வருகிறது என்கிறார் வகுப்பாசிரியை. மாற்றல் ஃபாரத்தை யோகேஸ்வரி கிழித்துப் போடவில்லை, அலமாரியில் வைத்திருக்கிறாள். வருடக் கடைசியில் பார்க்கலாம் என்கிறாள். அதுவும் நியாயம்தானே?

பெற்றோருக்குத் தன்னம்பிக்கை கொடுக்கிறேன் என்று நான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது வெறும் முகபாவம். முதுகை நிமிர்த்து, குரலை உயர்த்து, தெரியாததை மறை... கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஒருத்தியை, தெரியாதவள் போல ஆக்கிவிட்டது அந்தப் பாடம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டேன். "இப்ப பயம் போயிடுச்சா, யோகேஸ்?"

"எங்க டீச்சர் போவும்? இருக்கு. ஆனா அது என் பயம் லா... புள்ள கையில குடுக்கிறதில்ல."