மாமா அனுப்பிய பனி

ஆறாம் வகுப்பில் நான் செய்த ஒரே வீரச்செயல், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து நின்று, பனி கொட்டுவதை வகுப்புக்கே காட்டுகிறேன் என்று சொன்னதுதான். காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டீச்சர் இமயமலையைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார். பனி கொட்டுவதை நேரில் பார்த்தவர் இங்கே யாரும் இருக்க மாட்டோம் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். வெயில் காயும் கறம்பக்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேறென்ன சொல்வார்? எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் மாமா அப்போது அந்த மலையில்தான் இருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. போர் வண்டியில் வேலை. ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டி ஆந்திரா, ஒடிசா என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும். அந்தத் தை மாதம் இன்னும் வடக்கே போய், இமயமலையில் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் ஏறியிருந்தது. தம்பி குளிரில் என்ன பாடுபடுகிறானோ என்று அம்மாவுக்குக் கவலை. எனக்கு வகுப்பில் கொடுத்த வாக்கைப் பற்றிக் கவலை.

அன்று மாலையே அம்மாவின் போனைப் பிடுங்கிப் பேசினேன். மாமா குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து சிரித்தார். "இங்க இந்த வருசம் இன்னும் பெய்யல தாயி. பெஞ்சதும் அனுப்புறேன்" என்று சொல்லி, போனைத் திருப்பிக் காட்டினார். மொட்டை மலை, பழுப்பு மண், இலையில்லாத மரங்கள். எங்கள் மாவட்டத்து நார்த்தாமலைப் பக்கம் எங்கேயோ நின்றுகொண்டு கதை விடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். வகுப்பில் "எங்கடி பனி?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை நான். அப்பா அதட்டினார், அம்மா போனை அரிசி டின்னுக்குள் ஒளித்தாள், தேடி எடுத்துவிட்டேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள பனி வேணும் மாமா. இல்லாட்டி நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன்" என்று அழுதேன். மாமா திரும்பி வண்டிப் பக்கம் பார்த்தார். பிறகு, "சரி தாயி, ஒனக்கு இல்லாததா" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீடியோ வந்தது. சத்தம் இல்லாத சின்ன வீடியோ. மாமாவின் தலை, புருவம், தோள் எல்லாம் வெள்ளை. காற்றிலும் வெள்ளையாகப் பறக்கிறது. அவர் இரண்டு கையாலும் அள்ளி மேலே எறிந்து ஆடுகிறார். பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

மறுநாள் அம்மாவுக்குத் தெரியாமல் போனைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனேன். டீச்சர் திட்டவில்லை, அவருக்கும் பார்க்க ஆசை. போன் பெஞ்சு பெஞ்சாகப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி மட்டும் போனை மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். "டீச்சர், இது பனி இல்ல. போர் போடுறப்ப பறக்குமே, பாறைத் தூளு. எங்க கொல்லையில போட்டப்ப எங்கப்பாவும் இப்புடித்தான் இருந்தாரு."

போன் இன்னொரு சுற்று வந்தது. போர் போடுவதைப் பார்க்காத பிள்ளை எங்கள் வகுப்பில் யார்? ஒரே சிரிப்பு. டீச்சர் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே அழித்த கரும்பலகையை மறுபடி அழித்தார். அவர் தோளும் குலுங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாமாவைக் கூப்பிட்டு, ஏன் ஏமாற்றினீர்கள் என்று சண்டை போட்டேன். "நீ அழுதியே தாயி" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இங்க பனி பெஞ்சிருந்தா எங்க வண்டிய எதுக்குக் கூப்புடப்போறாங்க?" என்றார். செய்வதையும் செய்துவிட்டுச் சாக்குச் சொல்கிறார் என்று போனை வைத்துவிட்டேன். மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. திருவிழாவுக்கு வந்தபோது எனக்கென்று கொண்டுவந்த அக்ரூட்டைத் தொடக்கூட இல்லை.

அவர் சொன்னது சாக்கு இல்லை என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. அந்தப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் மலைமேல் படியும் பனிதான் விதைக்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உருகி, வாய்க்காலில் இறங்கி வயலுக்கு வருமாம். வருடத்துக்கு வருடம் அது குறைந்து, ஓடை வற்றி, கடைசியில் போர் வண்டியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தை மாதத்தில் அந்தப் பாதையில் வண்டி ஏற முடிந்ததே, பாதையை மூடப் பனி இல்லாததால்தான். தண்ணீர் வந்ததா என்று சென்ற வருடம்தான் மாமாவிடம் கேட்டேன். "ரெண்டு எடத்துல போட்டோம். தூளுதான் வந்துச்சு" என்றார்.

அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. மாமாவுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். அத்தனை தடவை பார்த்தும் அன்று அவர்கள் என் கண்ணில் படவில்லை. ஆடுகிற மாமாவை அவர்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. படத்துக்குள் வராத துளையின் பக்கமே முகத்தைத் திருப்பி, தூள் எப்போது ஈரமாகும், தண்ணீர் எப்போது வரும் என்று அசையாமல் நிற்கிறார்கள். எங்கள் கொல்லையிலும் ஒருமுறை போர் போட்டார்கள்; அன்று அப்பாவும் அப்படித்தான் நின்றார். தூளைப் பார்த்ததும் இன்னதென்று கண்டுபிடித்துவிட்ட எங்கள் வகுப்பில், அந்த மனிதர்களை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.