லேடீஸ் சீட்

எங்கள் மாமா இருபது வருடம் கட்சிக்காகச் சுவரொட்டி ஒட்டினார். ஸ்ரீராம்புரத்தில் எந்தச் சுவரில் பசை நிற்கும், எதில் நிற்காது என்பது அவருக்கு அத்துப்படி. கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் தலைவர்களுக்கு ஆளுயர மாலை சொல்லிவைப்பதும் அவர்தான். ஒருநாள் தானும் மாநகராட்சியில் கார்ப்பரேட்டர் ஆகலாம் என்று காத்திருந்தவருக்கு, முறை வந்த வருடம் பார்த்து, எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

இரண்டு நாள் கட்சி ஆபீஸ் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனவர், அத்தையிடம், "நீ நில்லு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார். அத்தை என் அப்பாவின் அக்கா. புளி கரைத்த கையை எடுக்காமலே, "எங்க நிக்கணும்?" என்று கேட்டாளாம். இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் பல நாள் சிரித்தார்கள்.

எனக்குப் பத்து வயது. மெட்ரோ இன்னும் எங்கள் தலைக்கு மேல் ஓடத் தொடங்காத காலம். சந்து முழுக்க அத்தையின் சுவரொட்டி. மாமா பெரிதாகக் கைகூப்பிக்கொண்டிருப்பார். மூலையில் தபால்தலை அளவில் அத்தை. முதல் வாரம் ஊர்வலத்திலும் அப்படித்தான். மாமா முன்னால் நடந்து பேசுவார். அத்தை பின்னால் வந்து கும்பிடுவாள். துண்டுச்சீட்டு கொடுக்கும் வேலை எனக்கு. அந்தப் பெருமையில் தோழிகளோடு பேசுவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு ஆட்டோ சேர்ந்து போக முடியாத ஒரு சந்தில் எதிர்க்கட்சி ஊர்வலம் எங்களுக்கு நேர் எதிரே வந்து நின்றது. அவர்கள் வேட்பாளர் பின்தெருவில் துணி தைக்கும் கன்னட அம்மா. இரண்டு மைக்கும் ஒன்றையொன்று மிஞ்சிக் கத்தின. "மொதல்ல நீங்க பின்னால போங்க" என்றார் மாமா. அவர்கள் நகரவில்லை. ஒருவன் மாமாவின் தோளில் கை வைத்தான். எங்கள் ஆட்கள் சட்டைக் கையை மடித்தார்கள். நான் பயந்துபோய் அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஒரு மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். "தண்ணி வுட்டுட்டாங்கோ!"

குழாயில் தண்ணீர் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஒரு நொடிதான். இரண்டு ஊர்வலத்திலிருந்தும் பெண்கள் கொடிகளை ஆண்கள் கையில் திணித்துவிட்டு ஓடினார்கள். அத்தையும் ஓடினாள். அந்தக் கன்னட அம்மாவும் மாலையைக் கழற்றி மைக் ஆட்டோ மேல் போட்டுவிட்டு ஓடினார். சண்டைக்கு நின்ற ஆண்கள் கையில் ஆளுக்கு இரண்டு கொடியோடு அப்படியே நின்றார்கள். பொதுக்குழாயில் அந்த அம்மா குடத்தைத் தூக்கி அத்தையின் இடுப்பில் வைத்ததை நானே பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து மாமா குதித்தார். "கேண்டிடேட் கொடம் தூக்கினு ஓடுனா எவன் ஓட்டு போடுவான்?"

"கொடம் தூக்குறவங்க போடுவாங்க" என்றாள் அத்தை. மாமாவை அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அடுத்த வாரம் அவள் முன்னால் நடந்தாள். தெருமுனைக் கூட்டத்துக்கு மாமா இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். 'பேரன்புமிக்க பெரியோர்களே' வரைக்கும் படித்துவிட்டுத் தாளை மடித்தாள். "தண்ணி எப்ப வரும்னு வால்வு தொறக்கிறவருக்கே தெரியல. வேலைக்குப் போற பொம்பள எத்தினி நாளு லீவு போடுவா? நேரத்த சொல்லிட்டு வுடுங்கன்னு கேக்கத்தான் நான் நிக்குறேன்" என்றாள். அதையே கன்னடத்திலும் சொன்னாள். பெண்கள் கைதட்டினார்கள். மாமா சுற்றிலும் பார்த்துவிட்டுக் கடைசியாகத் தட்டினார்.

கொஞ்ச ஓட்டில் தோற்றோம். எண்ணிக்கை முடிந்த மத்தியானம் வீடு கொள்ளாத கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அடுத்தவாட்டி ஜெனரல் சீட்டு ஆயிடும், பாருங்க" என்றார் ஒருவர். அப்பா மாமாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாமா கண்ணைத் துடைத்தபோது எனக்கும் அழுகை வந்தது. போய் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

அத்தை எல்லோருக்கும் டீ கொடுத்தாள். என்னிடம் வந்தபோது குனிந்து, மெதுவாக, "நம்ம சந்து பூத்துல எத்தினி விழுந்துச்சுன்னு யாருனா சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"சும்மா இருங்க அத்த. மாமாவே பாவம்" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுக் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தேர்தலில் தோற்றது மாமா என்றுதான், அங்கிருந்த எல்லோரையும் போல, நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.